முதுகைத் திறந்த காலமும் சுவரைத் துளைத்த காலமும்

எண்பதுகளில் தூத்துக்குடியில் டிவி மெக்கானிக் என்றால் பாதி நாள் மொட்டைமாடியில்தான் கழியும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-லேயே வந்துவிட்டது என்றாலும் எங்கள் ஊருக்கு அது எட்டாது. 1982-ல் இலங்கையில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியதும், கடல் தாண்டி வரும் அந்தப் படத்தைப் பிடிக்க ஊரே மாடி ஏறியது. உயரமான இரும்புக் குழாயை நட்டு, நாலு பக்கமும் கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் ஆன்டெனாவும் பூஸ்டரும் மாட்டுவோம். மேலே ஒருவர் குழாயைத் திருப்ப, கீழே வீட்டுக்காரர் வாசலில் நின்று, "இன்னும் கொஞ்சம் கிழக்க... ஆங், நிறுத்துங்க!" என்று கத்துவார். கிரிக்கெட் நடக்கிற நாளில் காக்கை ஒன்று ஆன்டெனாவில் உட்கார்ந்து அதைத் திருப்பிவிட்டால் போதும், கடைக்கு ஆள் வந்துவிடும்.

மாடியை விட்டு இறங்கினால் மற்ற வேலையெல்லாம் டிவியின் முதுகைத் திறந்து செய்வது. ஆபத்து இருந்தது அங்கேதான். கலர் செட்டின் பிக்சர் டியூபுக்கு 20,000 முதல் 25,000 வோல்ட் வரை போகும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது டியூபில் தங்கியிருக்கும். டியூபின் மண்டையில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். ஸ்க்ரூடிரைவரில் கட்டிய ஒயரின் மறுமுனையை டியூபைச் சுற்றி ஓடும் எர்த் பின்னலில் முதலில் சேர்த்துவிட்டு, அதன் நுனியை மூடியின் அடியில் செருகி மின்சாரத்தை இறக்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வராத நாளில் எங்களுக்குச் சந்தேகம் கூடும்.

எனக்குத் தொழில் கற்றுத்தந்த அண்ணாச்சி முதல் பாடமாகச் சொன்னது சர்க்யூட் பற்றியது அல்ல. "ஏல, இடக்கைய முதுகுக்குப் பின்னால வச்சிக்கோ. ரெண்டு கையும் உள்ள போச்சின்னா கரண்டு நெஞ்சு வழியாப் பாஞ்சிரும்" என்றார். டியூபைத் தூக்கும்போது அதன் கழுத்தைப் பிடிக்கக் கூடாது என்பது இரண்டாவது பாடம். உள்ளே வெற்றிடம் என்பதால் கழுத்து முறிந்தால் கண்ணாடி உள்நோக்கி வெடித்துச் சிதறக்கூடும்.

இந்த ஆபத்துகளெல்லாம் எங்களோடு முடிந்தன. வீட்டுக்காரருக்கு டிவி என்பது பீரோ மாதிரி. ஒருமுறை ஓர் இடத்தில் வைத்தால் அங்கேயே கிடக்கும். தலையில் பொம்மை வைக்கலாம், பூ ஜாடி வைக்கலாம், கல்யாணப் போட்டோவைச் சாய்த்து வைக்கலாம். கையால் தையல் பூ போட்ட துணி உறை ஒன்று மாட்டலாம். வெள்ளிக்கிழமை ஈரத் துணியால் கண்ணாடியைத் துடைத்துப் பொட்டும் வைக்கலாம். அது எதையும் பொறுத்துக்கொள்ளும். ஒரு தலைமுறை டிவியோடு பழகிய முறை இது. பிறகு வந்த தட்டைத் திரை இந்தப் பழக்கங்கள் ஒவ்வொன்றையும் ஆபத்தாக்கிவிட்டது என்பதை நான் வீடு வீடாகப் போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

2006 தேர்தலுக்குப் பிறகு தமிழக அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. 14 அங்குலப் பெட்டி. பிக்சர் டியூப் காலத்தின் கடைசிப் பெரிய அலை அதுதான். உலகச் சந்தையிலோ 2007-ன் கடைசிக் காலாண்டில் எல்சிடி விற்பனை டியூப் டிவியை முந்திவிட்டது. எங்கள் கடையில் ஒரு மூலையில் 14 அங்குலப் பெட்டிகள் பழுதுக்கு வந்து அடுக்கப்பட்டிருக்க, துறைமுகத்தோடு தொழில் செய்யும் ஒருவரின் பங்களாவில் 42 அங்குல பிளாஸ்மா வந்து இறங்கியது. ஸ்டாண்டோடு சேர்த்து முப்பது கிலோவைத் தாண்டும். வேனில் ஏற்றும்போது படுக்கப்போடப் பார்த்த லோடுமேனை அண்ணாச்சி தடுத்து, "நிக்க வச்சே கொண்டுபோ" என்றார். பெட்டியின் மேல் அட்டையிலும் அம்புக்குறி அப்படித்தான் போட்டிருந்தது. அகலமான கண்ணாடியைப் படுக்கவைத்தால் வண்டி குலுங்கும்போது நடுப்பகுதி அதிர்ந்து விரிசல் விட வாய்ப்பு அதிகம். நிற்கும்போது கண்ணாடியின் எடையை அதன் விளிம்பே தாங்கிக்கொள்ளும். பெரிய தட்டைத் திரைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

எல்சிடியும் அதன் பின் எல்இடியும் வந்தபோது எடை குறைந்தது. 32 அங்குல செட்டை ஒரு பெண்பிள்ளை தனியாகத் தூக்கிவிடலாம். அங்கேதான் வினை. எல்இடி டிவியின் பேனல் என்பது மெல்லிய இரண்டு கண்ணாடித் தகடுகள், அவற்றுக்கு நடுவே திரவப் படிகம், பின்னால் வெளிச்சம் தரும் எல்இடி பட்டைகள். ஓரத்தில் கண்ணாடியையும் போர்டையும் இணைப்பவை காகிதம்போல் வளையும் நாடாக்கள். படத்தைச் சுமந்து வரும் நூற்றுக்கணக்கான நுண்ணிய தடங்கள் அந்த நாடாக்களில் ஓடுகின்றன. தூக்குகிறவரின் கட்டைவிரல் கீழ் விளிம்பில் அழுந்தினால் நாடா ஒட்டிய இடம் விட்டுப்போகும். ஆன் செய்ததும் திரையில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழும். மோதிரமோ வளையலோ முகப்பில் இடித்தால் சிலந்திவலைபோல் விரிசல் விழுந்துவிடும். பேனலை மாற்றும் செலவு புது செட்டின் விலையை நெருங்கும், உடைசலுக்கு வாரண்டியும் கிடையாது. அதனால் சின்ன செட்டாக இருந்தாலும் இரண்டு பேர் வேண்டும் என்று சொல்லிவிடுவேன். ஆளுக்கு ஒரு பக்கம், உள்ளங்கை கீழே, விரல்கள் முகப்பில் படாமல். ஸ்டாண்டை மாட்ட முகம் குப்புறப் படுக்கவைக்கச் சொல்லி அந்த செட்டின் கையேட்டில் இருந்தால், கட்டிலில் கனமான போர்வை விரித்து அதன்மேல்.

சுவரில் மாட்டும் வேலை வந்த பிறகு எனக்குக் கொத்தனார் கண் தேவைப்பட்டது. மின்சாரத்தைப் படித்தவனுக்குச் சுவரைப் படிக்கத் தெரியவில்லை என்றால் டிவி தங்காது. ஊரின் மேற்கே ஒரு வீட்டில், வேறு யாரோ மாட்டிய செட் நள்ளிரவில் விழுந்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். யாருக்கும் அடிபடவில்லை. சுவரைப் பார்த்தேன். ஸ்க்ரூக்கள் பிளக்கோடு, பூச்சுத் தகடு ஒன்றையும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. துளை செங்கல்லுக்குள் போகவே இல்லை. உட்சுவர்ப் பூச்சு அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடக் குறைய இருக்கும். அதையும் தாண்டிச் செங்கல்லுக்குள் பிளக் முழுதாக இறங்க வேண்டும். பூச்சில் தொங்கும் பாரம் முதல் நாளே விழாது. டிவியை ஆளாளுக்குத் திருப்பிச் சாய்த்துப் பார்க்கப் பார்க்க, மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தளர்ந்து ஒருநாள் விழும்.

அப்போதிருந்து டிரில்லிங் மிஷின் கொட்டுகிற தூளைப் பார்க்கும் பழக்கம் வந்தது. முதலில் சாம்பல் நிறம் வரும், அது சிமென்ட் பூச்சு. பிறகு சிவப்புத் தூள் கொட்டினால் செங்கல்லைத் தொட்டுவிட்டோம் என்று மனசு நிற்கும். சாம்பல் தூளே தொடர்ந்து வந்து, திடீரென்று பிட்டு 'பொசுக்'கென்று உள்ளே போனால் அது ஹாலோ பிளாக். உள்ளே பொந்து. சாதாரண பிளக் அங்கே பிடிக்காது. பொந்துக்குள் போய் விரிந்து பிடிக்கும் வகை வேண்டும், அல்லது பல துளைகளில் பாரத்தைப் பகிரும் அகலமான பிளேட் வேண்டும். பழைய வீடுகளில் மண்ணும் சுண்ணாம்புமாகக் கட்டிய சுவர் இருக்கும். தூள் மாவு மாதிரி உதிரும். அங்கே நான் மிஷினை உறையில் போட்டுவிட்டு, "ஸ்டாண்டுல வைங்க, இந்தச் சுவரு தாங்காது" என்று சொல்லிவிடுவேன். சிலருக்குக் கோபம் வரும். சுவரில் மாட்டினால்தான் அவர்களுக்குப் புது டிவி வந்த மாதிரி.

சுவருக்குள் ஒளிந்து ஓடும் ஒயர் இன்னொரு சங்கடம். கன்சீல்டு ஒயரிங் போட்ட வீட்டில் குழாய் எந்த வழியாகப் போகிறது என்று வீட்டுக்காரருக்கே நினைவிருக்காது. சுவிட்சுப் பெட்டிக்கும் பிளக் பாயிண்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே துளை போடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அதே மட்டத்தில் படுக்கைவசமாகவும் போடுவதில்லை. எலக்ட்ரீஷியன்கள் பெரும்பாலும் அந்தக் கோடுகளில்தான் குழாயை ஓட்டுவார்கள். துளையிடும் நேரத்தில் மெயினை அணைக்கவும் முடியாது, மிஷினுக்கே கரண்டு வேண்டும். அதனால் அந்தச் சுவரின் சர்க்யூட்டை மட்டும் அணைத்துவிட்டு, அடுத்த அறையிலிருந்து ஒயர் இழுத்துக்கொள்வோம்.

டிவியின் முதுகில் இருக்கும் நாலு துளைகளுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. வெசா என்ற அளவுமுறை. சின்ன செட்டுகளில் துளைக்குத் துளை 75 அல்லது 100 மி.மீ., அடுத்து 200, பெரியவற்றில் 400. 100 வரை எம்4 போல்ட், 200-ல் பெரும்பாலும் எம்6, அதற்கு மேல் எம்8. கடையில் வாங்கும் பிராக்கெட்டோடு நீளம் நீளமாகப் போல்ட் ஒரு பை வரும். டிவிக்கு எந்த நீளம் என்பதைக் கையேட்டில் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். நீளம் கூடினால் போல்ட்டின் முனை உள்ளே போர்டையோ பேனலின் முதுகையோ குத்தும். இறுகவில்லையே என்று பலம் கொடுத்துத் திருகினால் கதை முடிந்தது.

உயரம் பற்றிய வாதம் இல்லாத வீடு அபூர்வம். நம் வீடுகளில் சுவரில் எது மாட்டினாலும் சாமி படமும் தாத்தா போட்டோவும் இருக்கும் மட்டத்தில், வாசல்நிலைக்கு மேலே மாட்டிப் பழக்கம். டிவியையும் அங்கே மாட்டச் சொல்வார்கள். "குழந்தைக கை எட்டக்கூடாது பாத்துக்கிடுங்க" என்று ஒரு காரணம் வரும். சோபாவில் உட்கார்ந்தவரின் கண் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். தரையில் பாய் விரித்து உட்கார்ந்தவருக்கு இரண்டரை அடிதான். ஆறடி உயரத்தில் டிவி இருந்தால் ஒரு சினிமா முடிவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். நான் பாயையும் நாற்காலியையும் கொண்டுவரச் சொல்லி, வீட்டில் அதிகம் பார்ப்பவர் யாரோ அவரை அவர் வழக்கமாக உட்காரும் இடத்திலேயே உட்காரவைப்பேன். பல வீடுகளில் அது ஆச்சிதான். ஆச்சியின் கண்மட்டத்தைக் குறித்துக்கொண்டு, திரையின் நடுப்பகுதி அதைவிடச் சற்று மேலே வருமாறு பென்சிலால் புள்ளி வைப்பேன். எட்டாத உயரமே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் கீழ்நோக்கிச் சாயும் பிராக்கெட். கோடு போட ரசமட்டம் கட்டாயம். கண்ணை நம்பி மாட்டினால் ஜன்னல் விளிம்பு கோணலாக இருக்கும் வீட்டில் டிவியும் கோணலாகிவிடும்.

தூரமும் அப்படித்தான். ஹெச்டி படத்துக்குத் திரையின் உயரத்தைப்போல் மூன்று மடங்கு தள்ளி உட்கார்ந்தால் கண்ணுக்குச் சுகம். 43 அங்குலத் திரையின் உயரம் ஏறக்குறைய 53 சென்டிமீட்டர், அதாவது ஐந்தேகால் அடி தள்ளி உட்கார்ந்தால் போதும். பத்துக்குப் பத்து அறைக்கு 65 அங்குலம் கேட்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பார்ப்பேன். பாதிப் பேர் கேட்பார்கள்.

வெளிச்சம் சன்னலிலிருந்து நேராகத் திரையில் விழாதபடி பார்த்துக்கொள்வது சுலபம். கரண்டு அப்படியல்ல. இன்றைய செட்டுகளில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்றுக்கொள்ளும் பவர் சப்ளையோடு வருகின்றன. குறைந்த வோல்ட்டேஜுக்குப் பயந்து பழைய ஸ்டெபிலைசரைத் தூசி தட்டி எடுக்க வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது கூடுதல் வோல்ட்டேஜுக்குத்தான். தெருவில் நியூட்ரல் கம்பி அறுந்தால் 230 வோல்ட் வரவேண்டிய வீட்டுக்கு 400-ஐ நெருங்கிக்கூட வந்துவிடும். ஒரே நாளில் ஒரு தெருவிலிருந்து அடுத்தடுத்து டிவிகள் கடைக்கு வந்தால் பேச்சே வேண்டாம், நியூட்ரல் போயிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். வோல்ட்டேஜ் கூடினால் தானாக அறுத்துவிடும் சாதனம் ஒன்று இருந்தால் அந்தத் தெருவில் அந்த வீட்டு டிவி மட்டும் தப்பிக்கும்.

ஐப்பசி மாதத்தில் மேற்கே மின்னத் தொடங்கினால் எங்களுக்குக் கடை நிரம்பும். "சுவிச்ச அமத்தித்தானே வச்சிருந்தேன்" என்பார்கள். மின்னலின் வேகம் கேபிள் ஒயர் வழியாகவும் டிஷ் ஒயர் வழியாகவும் உள்ளே வருகிறது. செட்டாப் பாக்ஸைக் கடந்து ஹெச்டிஎம்ஐ ஒயரில் ஏறி டிவியின் மெயின் போர்டைத் தாக்கிவிட்டுப் போகிறது. சுவிட்ச் அணைந்திருந்தாலும் அந்தப் பாதை திறந்துதான் இருக்கும். பிளக்கையும் பிடுங்க வேண்டும், பாக்ஸுக்கு வரும் கேபிளையும் கழற்ற வேண்டும். அதையும் இடி தலைக்கு மேல் வருவதற்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும். இடி இடிக்கும்போது ஒயரைத் தொடுவது டிவியைக் காப்பாற்ற ஆளைப் பணயம் வைப்பது.

தொட்டால் சுள்ளென்கிறது என்று வரும் புகாரையும் நான் சும்மா விடுவதில்லை. எறும்பு ஊர்ந்தமாதிரி லேசான விறுவிறுப்பு என்றால் பவர் சப்ளையின் வடிகட்டியிலிருந்து கசியும் சொற்ப மின்சாரமாக இருக்கலாம். சுள்ளென்று அடித்தால் அந்த வீட்டு எர்த்தைப் பார்த்தே ஆக வேண்டும். உப்புக்காற்று அடிக்கும் கடற்கரை வீடுகளில் எர்த் குழாயும் கம்பியும் அரித்துப்போய், பெயருக்கு நிற்பதை எத்தனையோ முறை தோண்டிப் பார்த்திருக்கிறேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் வரும் புகார்கள் தனி ரகம். பழைய பிக்சர் டியூபின் முகம் கனத்த கண்ணாடி. சந்தனமும் குங்குமமும் வைத்து மறுநாள் ஈரத்துணியால் துடைத்தால் ஒன்றும் ஆகாது. எல்சிடியின் முகத்தில் இருப்பதோ பிளாஸ்டிக் படலம். காய்ந்த சந்தனத்தைத் தேய்த்து எடுத்தால் கீறல் விழும். கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேராகத் திரையில் அடித்தால் அதிலுள்ள அமோனியாவோ ஆல்கஹாலோ படலத்தைக் கெடுக்கும். வழிந்த துளி கீழ் விளிம்பில் நாடாக்கள் ஒட்டிய இடத்துக்குள் இறங்கி அரிக்கும். சில வாரம் கழித்துக் கோடு விழும்போது பூஜை யாருக்கும் நினைவில் இருக்காது. ஓர் ஆச்சி, "பொட்டு இல்லாம எப்படிய்யா?" என்று கேட்டாள். ஸ்டாண்டின் காலைக் காட்டினேன். "கால்ல யாரு பொட்டு வைப்பா?" என்று சிரித்துவிட்டு, ரிமோட்டின் முதுகில் வைத்தாள். அன்றிலிருந்து எல்லா வீட்டுக்கும் ரிமோட்டைத்தான் சொல்கிறேன். துடைப்பதற்கு, செட்டை அணைத்து ஆறவிட்டு, உலர்ந்த மென்மையான மைக்ரோஃபைபர் துணி போதும். கறை பிடிவாதமாக இருந்தால் துணியைச் சற்றே ஈரமாக்கி அழுத்தாமல் துடைக்கலாம்.

தையல் பூ போட்ட அந்தத் துணி உறையும் புது டிவிக்கு மாறிவந்தது. ஓடும்போது பின்பக்கத்தை மூடிவிட்டால் சூடு வெளியேற வழியில்லை. சுற்றிலும் நாலு அங்குலமாவது காற்றோட்டம் வேண்டும். மரத்தில் அலமாரி செய்து அதற்குள் டிவியைப் பதித்துவிடும் புது வீடுகளிலும் இதே தொல்லைதான். அந்தச் சூட்டைத் தேடிப் பல்லி வரும். துவாரத்தின் வழியே போர்டில் ஏறிப் பவர் பகுதியில் ஷார்ட் ஆகி, தானும் செத்து செட்டையும் சாகடிக்கும். இத்தனை ஒல்லியான டிவிக்குள்ளும் பவர் போர்டின் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும் என்பதால், பல்லியைத் தேடி நீங்களே திறக்காதீர்கள் என்பேன்.

கடையிலிருந்து வரும்போது பல செட்டுகளில் வெளிச்சம் முழு உச்சத்தில் இருக்கும். ஷோரூம் விளக்குகளோடு போட்டிபோட வைத்த அளவு அது. வீட்டு ஹாலுக்கு அதில் பாதி போதும். முழு வெளிச்சத்தில் ஓடும் எல்இடி பட்டைகள் சூடேறிச் சீக்கிரம் போகும். படம் இல்லை, சத்தம் மட்டும் வருகிறது என்று கூப்பிட்டால் டார்ச்சைத் திரைக்குச் சாய்வாக அடித்துப் பார்ப்பேன். உள்ளே மங்கலாக நாடகம் ஓடிக்கொண்டிருந்தால் பேனல் நன்றாக இருக்கிறது, பட்டைதான் போயிருக்கிறது. வெளிச்சத்தைக் குறைத்து வைப்பதால் கண்ணும் களைக்காது, கரண்டு பில்லும் குறையும்.

சுவரில் மாட்டாமல் மேசையில் வைக்கிற வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால், டிவியின் முதுகிலிருந்து சுவருக்கு ஒரு பட்டை கட்டச் சொல்வேன். பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகும் பிள்ளைக்கு மேசை விளிம்பும் டிவி விளிம்பும் ஒன்றுதான். அமெரிக்காவில் சரிந்து விழும் டிவிகளாலும் அலமாரிகளாலும் குழந்தைகள் சாவதைத் தடுக்க அரசே 2015-ல் ஒரு பிரசாரம் தொடங்கியது. இரண்டு பிளாஸ்டிக் காலில் நிற்கும் புது செட் சின்ன இழுப்புக்கே முன்னால் சாய்ந்துவிடும்.

இப்போது ஆன்லைனில் டிவி வாங்கினால் நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி மிஷினோடு வருகிறான். கைவேலை சுத்தமாகத் தெரிந்த பையன்கள். ஒரே நாளில் பல வீடு முடிக்க வேண்டியிருப்பதால் பேசத்தான் அவர்களுக்கு நேரம் இல்லை. அந்தப் பேச்சை நான் செய்கிறேன். முதுகைத் திறக்கும் வேலை எனக்கு இப்போது குறைந்துவிட்டது, வாயைத் திறக்கும் வேலை கூடிவிட்டது. செட்டுக்குள் அடங்கி எங்கள் கையில் இருந்த ஆபத்து இப்போது சுவரிலும் ஒயரிலும் துடைக்கிற துணியிலும் பரவிக் கிடக்கிறது. அதிலிருந்து காத்துக்கொள்ள வேண்டியவர்கள் அந்த வீட்டில் இருப்பவர்கள்தான்.

சமீபத்தில் ஒரு வீட்டில் இவ்வளவையும் வரிசையாகச் சொல்லி முடித்தேன். வீட்டுக்காரர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "எல்லாத்தையும் இப்படிச் சொல்லிக்கொடுத்துட்டா, அப்புறம் உங்க பிழைப்பு என்னத்துக்கு ஆகும் அண்ணாச்சி?" என்றார்.

"ஐப்பசி வரட்டும். பாதிப் பேரு கேபிளக் கழட்ட மறந்துருவாங்க" என்றேன்.